நாலு வயதில் விளையாட்டு எப்படிப் பாடமாகிறது: மாவு, மணல் தட்டு, மளிகைக்கடை

கேள்வி இதுதான்: மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. போகிறாள். தினமும் இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்கிறார்கள், நோட்டை எடுத்தாலே அழுகை. விளையாட்டு வழியாகவே கற்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் என்ன விளையாட்டு, என்ன பொருள், எவ்வளவு நேரம், பெரியவர்கள் கூட உட்கார வேண்டுமா, அதில் எழுத்தும் கணக்கும் எங்கிருந்து வரும் என்று யாரும் விளக்குவதில்லை.

விளையாட்டு என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று பாவனை விளையாட்டு: கடைக்காரர், டாக்டர், கண்டக்டர். இதற்கு வேண்டியவை நீளமான நேரம், கூட ஆட ஓர் ஆள், குழந்தை ஏற்கெனவே கண்ணால் கண்ட ஓர் உலகம். இன்னொன்று கைவேலை: மாவு பிசைதல், கோலம், ஊற்றுதல், அடுக்குதல். இதற்கு வேண்டியவை சரியான பொருள், சரியான அளவு, ஓர் ஒழுங்கு. பெரும்பாலான வீடுகளில் பாவனை விளையாட்டின் நடுவே கேள்வி கேட்டு அதைக் கலைத்துவிடுகிறோம். கைவேலைக்கோ பொருளைக் கொட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்.

"விளையாட விட்டால் எல்லாம் தானாக வந்துவிடும்" என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். பாவனை விளையாட்டு பற்றிய ஆய்வுகளை அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டும் உடன் பணியாற்றியவர்களும் 2013-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அறிவு வளர்ச்சிக்குப் பாவனைதான் காரணம் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்றே முடிவு செய்தார்கள். விளையாட்டு பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. விளையாட்டுக்குள் என்ன பேச்சு நடக்கிறது, என்ன பொருள் கையில் இருக்கிறது, எந்தச் சிக்கலைக் குழந்தை அவிழ்க்கிறது என்பவற்றைப் பொறுத்தே பலன் அமைகிறது. அதை அமைப்பதுதான் உங்கள் வேலை.

முதலில் அந்த அழுகையைப் பார்ப்போம்.

பார்த்து வரைவதில் குழந்தையின் கைக்கு ஒரு வரிசை உண்டு. இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் நேர்க்கோடும் படுக்கைக்கோடும் வரும். மூன்றையொட்டி வட்டம், நாலையொட்டிக் கூட்டல் குறி, நாலரையில் சதுரம், ஐந்தைத் தாண்டித்தான் முக்கோணம். சாய்கோடு பிந்தித்தான் வசப்படும். சில மாதங்கள் முன்பின்னாக இருக்கலாம். வரிசை பெரும்பாலும் மாறாது. இப்போது எல்.கே.ஜி. நோட்டைப் பாருங்கள். ஆங்கிலத்தில் முதல் பெரிய எழுத்தே இரண்டு சாய்கோடுகள் உச்சியில் சேரும் வடிவம். தமிழில் முதலில் வருவது அ, ஆ, இ. சுழியும் வளைவும் கலந்தவை, அதிலும் இ பெரியவர்களுக்கே நிதானம் கேட்கிற எழுத்து. ட, ப இரண்டுக்கும் நேர்க்கோடும் மூலையும் போதும், நாலு வயதுக் கைக்கு எட்டும். ஓசை பழக அகர வரிசை நல்லது. கை பழக ட, ப-வில் தொடங்கி, பிறகு ம, ய, வளைவு வந்தபின் ர, க, கடைசியில் அ, இ என்று போவது நல்லது. பள்ளி நோட்டில் என்ன வரிசை இருந்தாலும் வீட்டில் இந்த வரிசையில் பழக்கலாம்.

பென்சில் பிடியும் அப்படித்தான். ஒன்றரை வயதில் முழு முஷ்டி. இரண்டு மூன்று வயதில் உள்ளங்கை கீழ்நோக்கி, எல்லா விரலும் பென்சில் மேல். மூன்றரை, நாலில் மூன்று விரல் பிடி வரும். ஆனால் விரல்கள் அசையாது, மணிக்கட்டும் முழங்கையும்தான் கோட்டை இழுக்கும். விரல்களே அசைந்து எழுதும் பிடி நாலரையிலிருந்து ஆறு வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். விரல் அசையாத பிடியில் இரண்டு பக்கம் எழுதினால் தோள் வரை வலிக்கும். அந்தக் குழந்தை அழுவதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு சின்ன மாற்றங்கள் உடனே உதவும். தாளை மேசையில் வைக்காமல், குழந்தையின் கண் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். நின்றபடி வரையும்போது மணிக்கட்டு பின்னோக்கி மடங்கும், விரல்கள் தாமாகச் சரியான இடத்துக்கு வரும், தோளும் உரம் பெறும். அடுத்து, கிரேயானையும் சாக்பீஸையும் 2 அல்லது 3 செ.மீ. துண்டுகளாக உடைத்துக் கொடுங்கள். அந்த நீளத்தை முஷ்டியால் பிடிக்க முடியாது; மூன்று விரல்தான் வழி. "சரியாப் பிடி" என்று நூறு தரம் சொல்வதைவிட இது வேலை செய்யும்.

விரலுக்கு உரம் சேர்க்க மாவைப்போல் ஒன்றில்லை. கடையில் விற்கும் களிமாவு தேவையில்லை. மைதா 1 கப், பொடி உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் அடுப்பேற்றும் முன்பே கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். பிறகு சிறு தீயில் அடிபிடிக்காமல் கிளறுங்கள். நாலைந்து நிமிடத்தில் கூழாகி, பாத்திரத்தை விட்டுச் சுருண்டு ஒரே உருண்டையாக வரும். விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். கை பொறுக்கும் சூட்டில் மூன்று நிமிடம் நன்றாகப் பிசைந்து, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். இரண்டு வாரம் தாராளமாக வரும். நிறத்துக்கு மஞ்சள்தூளோ பீட்ரூட் சாறோ போதும். எலுமிச்சைச் சாறு விடாமல் மஞ்சள் சேர்த்துச் செய்த மாவில் ஒரு சிட்டிகை சமையல் சோடா வைத்துப் பிசைந்தால் செம்மையாக மாறும். குழந்தைகள் அதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். சுண்ணாம்பு வைத்தாலும் மாறும், ஆனால் அது தோலையும் கண்ணையும் எரிக்கும். வேண்டாம்.

மாவில் தவறு நடக்கும் இடங்கள் சில. கையில் ஒட்டினால் வேக்காடு போதவில்லை என்று பொருள். மைதா தூவாமல் மறுபடி அடுப்பில் வையுங்கள், மாவு தூவினால் மறுநாள் உதிரும். உதிர்ந்தால் வேக்காடு கூடிவிட்டது. நாலு சொட்டு வெந்நீரும் எண்ணெயும் விட்டுப் பிசையலாம். நறநறவென்று இருந்தால் கல் உப்பு போட்டிருப்பீர்கள். மூன்றாம் நாளே புளித்த வாடை வந்தால் வேக வைக்கவில்லை, அல்லது ஈரக் கையோடு டப்பாவுக்குள் போட்டீர்கள். நம் ஊர் வெயிலில் பச்சை மாவு நிற்காது. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் இந்த மாவையே செய்யாதீர்கள். அதில் இருக்கும் உப்பு ஆபத்தான அளவு. அவர்களுக்குச் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை போதும், அன்றே தூக்கிப் போட்டுவிடலாம்.

மாவைக் கையில் கொடுத்து "யானை செய்" என்றால் பாதிக் குழந்தைகளுக்குச் செய்யத் தெரியாது, மனம் விட்டுவிடும். வீட்டுப் பலகாரங்களில் தொடங்குங்கள். முறுக்குக்கு நீளமாகக் கயிறு திரித்துச் சுற்ற வேண்டும், உள்ளங்கை வேலை. சீடையைக் கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மூன்றுக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல். கொழுக்கட்டை ஓரம் மடிக்கக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கிள்ள வேண்டும். பத்துச் சீடை உருட்டித் தட்டில் வைத்தால் விரல் பயிற்சியோடு எண்ணிக்கையும் ஆயிற்று.

கோலமும் அதே வேலையைச் செய்கிறது. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி நீங்கள் வையுங்கள். குழந்தை புள்ளிகளை நேர்க்கோட்டால் சேர்க்கட்டும். ஒரு சிட்டிகை மாவைச் சீராக விடுவதற்குக் கட்டைவிரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர வேண்டும். அந்த அளவான தளர்வுதான் பிறகு எழுத்தில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும். கடையில் விற்கும் கல் கோலமாவு தூசி மூச்சில் ஏறும்; குழந்தைக்கு அரிசி மாவு கொடுங்கள், தரையை லேசாக ஈரமாக்குங்கள்.

அடுத்து மணல் தட்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்து பழகினார்கள். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரியின் முறையிலும், எழுதுவதற்கு முன் சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவுவதே முதல் படி. இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். 30 செ.மீ. தாம்பாளம் ஒன்று. நைசான மணலைச் சலித்து, மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, அரை செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். கனம் கூடினால் விரல் போன தடத்தில் மணல் சரிந்து எழுத்து மூடிவிடும். குறைந்தால் வெறும் தட்டில் விரல் வழுக்கும். தட்டுக்குள் மணலுக்கு அடியில் கருநிறத் தாள் ஒன்று விரித்தால் எழுத்து பளிச்சென்று தெரியும். கூடவே எழுத்து அட்டைகள்: உள்ளங்கை அகல அட்டையில் 10 செ.மீ. உயரத்தில் ட என்று பசையால் தடிமனாக வரைந்து, ஈரம் காயும் முன் ரவையைத் தூவி, காய்ந்தபின் உதறுங்கள்.

முறை மூன்று படி. ஒரு நாளைக்கு இரண்டே எழுத்து, வடிவில் நன்கு வேறுபட்டவை. ட-வும் ப-வும் ஒன்றாக வேண்டாம், ட-வும் ர-வும் சரி. முதல் படியில், இரண்டு விரலால் எழுதும் திசையிலேயே தடவி, "இது ட" என்று ஓசையைச் சொல்லுங்கள். இரண்டாம் படியில் "ட எங்கே? அதைக் கதவுகிட்ட வை. ர-வை அம்மா மடியில வை" என்று கையை ஓட விடுங்கள், இந்தப் படியை நீட்டுங்கள், குழந்தைக்குப் பிடிப்பதும் இதுதான். மூன்றாம் படியில் மட்டும் "இது என்ன?" தவறாகச் சொன்னால் திருத்த வேண்டாம். முதல் படி போதவில்லை என்று அது காட்டுகிறது, அவ்வளவுதான். அட்டையை எடுத்து வைத்துவிட்டு மறுநாள் முதல் படியிலிருந்து வாருங்கள். மொத்தமும் பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

இனி பாவனை விளையாட்டு. வீட்டுக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் மளிகைக்கடையைத்தான் சொல்லத் தோன்றுகிறது. பேச்சு, எண், எழுத்து, அடக்கம் நான்கும் அதில் ஒன்றாக வருகின்றன.

பொருள் சேர்க்கப் பணம் வேண்டாம். மணைப்பலகை ஒன்று கல்லாப்பெட்டி மேசை. காலியான பருப்பு, உப்பு, சோப்புப் பெட்டிகள். உள்ளே கசங்கிய செய்தித்தாளைத் திணித்து ஒட்டிவிட்டால் நசுங்காது. உண்மையான தக்காளி, உருளைக்கிழங்கு, வெங்காயம் கொஞ்சம், ஒரு கட்டி வெல்லம், ஒரு மஞ்சப்பை. ஒரு நோட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில். ஒரு தராசு: சட்டை மாட்டும் ஹேங்கரின் இரு முனையிலும் சம நீளக் கயிற்றில் இரண்டு கொட்டாங்குச்சி. தட்டுகள் காலியாக இருக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்தால், லேசான பக்கத்தில் சிறு மாவு உருண்டை ஒட்டிச் சமன் செய்யுங்கள். அதைக் குழந்தையையே செய்யச் சொல்வது இன்னும் நல்லது. பணத்துக்கு அட்டைவட்டம் இருபது, எல்லாம் ஒரு ரூபாய். ஐந்து ரூபாய் நாணயத்தை இப்போது கொண்டுவர வேண்டாம். மூன்று ஒற்றை ரூபாயைவிட ஓர் ஐந்து ரூபாய் குறைவு என்றுதான் இந்த வயதுக் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் அது ஒன்றுதானே.

முதல் நாள் கடை போடாதீர்கள். தெருமுனைக் கடைக்குக் கூட்டிப் போய் ஓரமாக நின்று பார்க்க விடுங்கள். அண்ணாச்சி என்ன செய்கிறார்? கேட்கிறார், நிறுக்கிறார், பொட்டலம் கட்டுகிறார், எழுதுகிறார், பணம் வாங்குகிறார், மீதி கொடுக்கிறார். இந்த ஆறு செயலும் தெரிந்தால்தான் விளையாட்டில் ஆறு செயல் வரும். பார்க்காததைப் பாவனை செய்ய முடியாது. பொம்மை விமானம் வாங்கிக் கொடுத்தும் குழந்தை அதைத் தரையில் தேய்த்துவிட்டுப் போய்விடுவதற்குக் காரணம் இதுதான்.

பிறகு அதே கடையை ஒரு வாரம் கலைக்காமல் வைத்திருங்கள். முதல் நாள் பொருளை எடுத்து நீட்டுவது மட்டும் நடக்கும், பேச்சே இருக்காது. இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் பிரிப்பு வரும். நாலைந்து நாளுக்குப் பிறகுதான் கதை வரும்: கடையில் சரக்குத் தீர்ந்துபோகும், லாரி வரும், கடைக்காரருக்குக் காய்ச்சல் வரும். தினமும் புதிது புதிதாக அமைத்துக் கொடுக்கும் வீடுகளில் குழந்தை இந்த மூன்றாம் கட்டத்துக்குப் போவதே இல்லை.

நேரம் குறைந்தது 45 நிமிடம், முடிந்தால் ஒரு மணி. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் அடுக்குவதிலும் யார் கடைக்காரர் என்ற சண்டையிலும் போகும். அதை வீண் என்று எண்ணி நடுவில் புகாதீர்கள். "நீ வாங்க வந்தவளாம், உன்கிட்ட காசு இல்லையாம்" என்று திட்டம் போடும் அந்தப் பேச்சுதான் இதில் மிகக் கனமான மொழி. இருபது நிமிடம் மட்டும் கொடுத்தால் திட்டம் முடியும்போது நேரமும் முடிந்துவிடும்.

நீங்கள் வாடிக்கையாளராகப் போங்கள், ஆசிரியராகப் போகாதீர்கள். "இது என்ன கலர்? எத்தனை இருக்கு? சொல்லு பார்ப்போம்" என்று கேட்ட நொடியே கடை பள்ளிக்கூடமாகிவிடும், குழந்தை எழுந்து போகும். அதற்குப் பதில், "அண்ணாச்சி, நாலு தக்காளி கொடுங்க. வெங்காயம் எவ்வளவு? பையில ஓட்டை இருக்கே, என்ன செய்யலாம்?" வேண்டுமென்றே ஒரு சிக்கலைக் கொண்டு போங்கள்: காசு குறைகிறது, உப்புக்குப் பதில் சர்க்கரை கொடுத்துவிட்டார், கொண்டுபோன பொருளைத் திருப்பித் தர வேண்டும். ஐந்து நிமிடம் இருந்துவிட்டு, "சரி அண்ணாச்சி, நாளைக்கு வர்றேன்" என்று கிளம்பிவிடுங்கள். பாவனையை விட்டு வெளியே வராமலே கிளம்புவது முக்கியம்.

"நாலு தக்காளி கொடுங்க" என்பது சாதாரண வாக்கியமாகத் தெரியும். கணக்கில் அதுதான் உண்மையான சோதனை. குழந்தை இருபது வரை மளமளவென்று சொல்லும், விரல் வைத்து எட்டுப் பொருளை எண்ணவும் செய்யும். "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. அப்படிப்பட்ட குழந்தையிடம் நாலு கேட்டால் கைப்பிடி நிறைய அள்ளிக் கொடுக்கும். முதலில் ஒன்று கேட்டால் சரியாகத் தரும், பல மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று. நாலைத் தாண்டினால் பெரும்பாலும் எல்லா எண்ணும் சேர்ந்து பிடிபடும். ஆகவே கடையில் விலையும் எண்ணிக்கையும் எப்போதும் குழந்தை உறுதியாகத் தரும் எண்ணுக்கு ஒன்று மேலே இருக்கட்டும். மூன்று வரும் என்றால் நாலு கேளுங்கள். தவறாக வந்தால் வாடிக்கையாளராகவே எண்ணிப் பாருங்கள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு... மூணுதானே இருக்கு, இன்னும் ஒண்ணு போடுங்க அண்ணாச்சி."

எண்ணிக்கை வந்தபின்னும் இரண்டு வரிசைப் புளியங்கொட்டைகளைச் சம எண்ணிக்கையில் வைத்து, ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டினால், நீண்ட வரிசையில்தான் அதிகம் என்று குழந்தை சொல்லும். சுவிஸ் உளவியலாளர் பியாஜே காட்டிய புகழ்பெற்ற சோதனை இது. ஆறேழு வயது வரை அப்படித்தான் இருக்கும். பொறுமையிழந்து திருத்தாதீர்கள், பேசியே புரியவைக்கும் விஷயம் அல்ல அது.

கடையின் நோட்டில் எழுத்து வரும். முதலில் கோணல்மாணலான கிறுக்கல். ஆனால் கூர்ந்து பார்த்தால் பட்டியல் போல ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும், இடமிருந்து வலமாக ஓடும், "இது வெங்காயம், இது சோப்பு" என்று படித்தும் காட்டுவாள். எழுத்து எதற்கு என்பது புரிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. அங்கே சிவப்புப் பேனா வேண்டாம். நீங்கள் எழுதும் வீட்டுச் சாமான் சீட்டை அவள் கண்முன் எழுதுங்கள், கடைக்கு அவளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

நினைவாற்றல் பற்றி ஒரு பழைய சோதனை உண்டு. சோவியத் உளவியலாளர் இஸ்தோமினா 1948-இல் வெளியிட்டது: வெறுமனே ஒரு சொற்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னபோது நினைவில் வைத்ததைவிட, கடை விளையாட்டில் வாங்கி வரவேண்டிய பொருள்களைக் குழந்தைகள் அதிகம் நினைவில் வைத்தார்கள். பிற்காலத்தில் பிறர் திருப்பிச் செய்தபோது எல்லா இடத்திலும் அதே முடிவு வரவில்லை. ஆனாலும் "மூணு சாமான் வாங்கிட்டு வா" என்று சமையலறையிலிருந்து கூடத்துக்கு அனுப்பும் விளையாட்டைச் சேர்த்துக்கொள்ள அது நல்ல காரணம். நாலு வயதுக்கு இரண்டு அல்லது மூன்று பொருள்.

அடக்கம் என்று மேலே சொன்னது அந்த வெல்லக்கட்டியை வைத்து. விற்கிற வெல்லத்தைக் கடைக்காரர் தின்னக் கூடாது. அம்மா சொன்னால் இரண்டு நிமிடம் தாங்காத குழந்தை, கடைக்காரராக இருக்கும்போது அரை மணி நேரம் அதைத் தொடாமல் வைத்திருக்கும். இன்னொரு சோவியத் உளவியலாளர் லேவ் விகோட்ஸ்கி 1933-இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில் மிட்டாயை வைத்து இதையேதான் சொன்னார்: பாவனை என்பது கட்டற்ற ஆட்டம் அல்ல, ஒவ்வொரு வேடத்துக்குள்ளும் விதி இருக்கிறது, அந்த விதிக்குக் குழந்தை விரும்பியே கட்டுப்படுகிறது.

பஸ் விளையாட்டு, ஆஸ்பத்திரி, சலூன், தபால் எல்லாம் இதே முறைதான்: பார்த்துவிட்டு வருதல், ஏழெட்டுப் பொருள், ஒரு வாரம், ஒரு சிக்கல். பஸ்ஸில் கண்டக்டருக்கு டிக்கெட் கிழிக்கும் வேலை இருப்பதால் விரலுக்கும் நல்லது. வரிசையாகப் போட்ட நாற்காலிக்கு எண் ஒட்டினால் எண் உருவமும் பழகும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அசலைப் போலவே இருக்கும் சொப்பு, பொம்மை போன் தேவை. நாலு வயதில் கட்டையே போனாகிவிடும். அந்த வயதில் எல்லாம் அசலாக இருக்கும் பிளாஸ்டிக் சமையல் செட் கற்பனைக்கு வேலை வைப்பதில்லை.

மரக்கட்டைகள் வாங்கும் எண்ணம் இருந்தால் பொம்மைக் கடைக்குப் போகும் முன் ஓர் ஆசாரியைப் பாருங்கள். நீளம் 14, அகலம் 7, கனம் 3.5 செ.மீ. என்று அறுக்கச் சொல்லுங்கள். நீளம் அகலத்தின் இருமடங்கு, அகலம் கனத்தின் இருமடங்கு. இந்த விகிதம் தவறாமல் இருந்தால்தான் இரண்டு சிறிய கட்டை ஒரு பெரிய கட்டைக்குச் சமம் என்பது கைக்குத் தெரியும். பாதி நீளம், இரட்டை நீளத்திலும் சில. ஒரு குழந்தைக்கு 60 கட்டை வேண்டும். இருபது கட்டை கொடுத்தால் கோபுரம் மட்டும் கட்டிவிட்டுச் சலித்துவிடும், பாலமும் வேலியும் வராது. உப்புத்தாளால் ஓரம் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் பூசினால் போதும், பெயிண்ட் வேண்டாம்.

தண்ணீர் விளையாட்டுக்கு ஓர் அகன்ற தொட்டியில் 5 செ.மீ. ஆழம் போதும். பழைய ஆழாக்கு, உழக்கு, படி வீட்டில் கிடந்தால் எடுத்துக் கொடுங்கள், மணலோ அரிசியோ வைத்து அளக்கட்டும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. இரட்டிப்பு இவ்வளவு தெளிவாகக் கைக்கு வரும் கருவி வேறு எதுவும் நம் வீடுகளில் இல்லை.

ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு எட்டும் இடத்தில் 3 செ.மீ. அகலத்துக்குக் குறைந்த எதுவும் இருக்கக் கூடாது: புளியங்கொட்டை, கொண்டைக்கடலை, பாசிமணி, நாணயம். கடலை மூக்கில் போனால் ஈரத்தில் ஊதி இறுகிவிடும். நீங்கள் எடுக்க முயலாமல் மருத்துவரிடம் போங்கள். பல்லாங்குழிக்குக் குன்றிமணி வேண்டாம். உடைந்த விதை உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு, அரளி விதைகளும் அப்படியே. மஞ்சாடி விதை பார்க்கக் குன்றிமணி போலச் சிவப்புதான், கறுப்புப் புள்ளி இருக்காது; கலந்து விற்றால் வாங்காதீர்கள், சோழி போதும். விளக்கெரியும் பொம்மைகளில் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும், தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தண்ணீர்த் தொட்டியை விளையாட்டு முடிந்த கையோடு கவிழ்த்துவிடுங்கள். சிறு குழந்தை மூழ்கிவிட வாளித் தண்ணீரே போதும்.

வழக்கமாக வரும் தொல்லைகள் சில. "எதை எடுத்தாலும் அஞ்சு நிமிஷம்தான்" என்றால் பெரும்பாலும் பொருள் அதிகமாகக் கண்முன் இருக்கிறது. ஏழெட்டை மட்டும் வைத்துவிட்டு மற்றதைப் பரணில் ஏற்றுங்கள், பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரே குழந்தை, கூட விளையாட ஆள் இல்லை என்றால் தாத்தா பாட்டியை வாடிக்கையாளராக்குங்கள். பேரம் பேசத் தெரிந்தவர்கள். மூன்று வயதில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவது இயல்பு, சேர்ந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். போலீஸ், துப்பாக்கி என்று ஓடும் விளையாட்டைத் தடை செய்வதைவிட, பிடிபட்டவரை என்ன செய்வது, சிறையில் சாப்பாடு யார் போடுவது என்று ஒரு வேடம் கூட்டிவிட்டால் ஓட்டம் தானாகப் பேச்சாக மாறும். எடுத்து வைப்பது கடைசிப் பத்து நிமிடம். "கடை சாத்தும் நேரம்" என்று சொன்னால் விளையாட்டுக்குள்ளேயே அது நடந்துவிடும்.

பள்ளியிடம் பேசும்போது சண்டையாகப் பேச வேண்டாம். மூன்றிலிருந்து எட்டு வயது வரைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2022-இல் வெளியானது. விளையாட்டு வழிக் கற்றலையே அது நடுவில் வைக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, இரண்டு பக்கத்துக்குப் பதில் நான்கு வரி, அதுவும் பெரிய கட்டத்தில் எழுதி அனுப்பலாமா என்று கேளுங்கள். பல மிஸ்களுக்கும் அதே விருப்பம் இருக்கும். பெற்றோர் கேட்கிறார்கள் என்பதற்காகவே பக்கத்தைக் கூட்டியிருப்பார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், விளையாடி முடித்தபின், மாவு பிசைந்து கை சூடேறிய நேரத்தில், பத்து நிமிடத்துக்கு மேற்படாமல் எழுதவிடுங்கள். தூக்கம் வரும் எட்டு மணிக்கு வேண்டாம்.

ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயதையொட்டிப் பொம்மைக்குச் சோறூட்டுவது, காலி டம்ளரில் குடிப்பது போன்ற சின்னப் பாவனை தொடங்கும். இரண்டு வயது தாண்டியும் அது துளியும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, பேச்சும் பிந்துகிறது என்றால் "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிந்து பயிற்சி கொடுக்கும் டி.இ.ஐ.சி. என்ற மையங்கள் பல மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கின்றன, கட்டணம் கிடையாது. நாலரை வயதில் கடை விளையாடி, சண்டை போட்டு, நோட்டைக் கண்டால் மட்டும் அழுகிற குழந்தைக்கு அந்தக் கவலை தேவையில்லை. இன்று மாலை சுவரில் ஒரு தாளை ஒட்டி, கிரேயானை உடைத்துக் கொடுங்கள்.